துடைத்த மறுவாரமே கறுப்பது ஏன்?

கேள்வி: எச்.ஓ. அளவு (அசலில் 87-ல் ஒரு பங்கு) மாதிரி ரயில் ட்ராக் வைத்திருக்கிறேன். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் பளிச்சென்று துடைத்தாலும் ஒரே வாரத்தில் எஞ்சின் திக்கித் திக்கி ஓடுகிறது. துணி வைத்தால் மறுபடி கரி. ஆல்கஹாலை விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம், அதோடு நிறுத்தாதீர்கள். சக்கரமும் தண்டவாளமும் தொடுமிடத்தில் கண்ணுக்குத் தெரியாத மின்பொறிகள் எழுந்தபடியே இருக்கும். அதனால் உண்டாகும் ஆக்சைடு, தூசி, எஞ்சினிலிருந்து கசியும் எண்ணெய் எல்லாம் குழைந்ததுதான் அந்தக் கரி. ஆல்கஹால் அதை நன்றாக எடுக்கும். ஆனால் அது முனைவுள்ள கரைப்பான், அதாவது அதன் மூலக்கூறில் ஒரு பக்கம் நேர்மின் சாயலும் மறுபக்கம் எதிர்மின் சாயலும் இருக்கும். முனைவு எவ்வளவு என்று காட்டும் மின்காப்பு மாறிலி அதற்குச் சுமார் 18. மண்ணெண்ணெய்க்கும் மினரல் ஸ்பிரிட்டுக்கும் (பெயின்ட் கரைக்கும் பெட்ரோலிய எண்ணெய்) அது 2 அளவில்தான். கடைசித் துடைப்பு இந்த முனைவற்ற வகையாக இருந்தால் ட்ராக் கறுக்க நாளாகிறது என்பது பலரின் அனுபவம். பொறி குறைவதாலா, மெல்லிய படலம் மிஞ்சுவதாலா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

முதலில் மின்சாரத்தை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிடுங்கள். நூல் உதிராத துணியை விரலில் சுற்றி, ஆல்கஹாலில் நனைத்து, தண்டவாளத்தின் தலையையும் உள்விளிம்பையும் துடையுங்கள். சக்கரத்தின் விளிம்பு உரசுவது அங்கேதான். பலர் மேற்பரப்போடு விட்டுவிடுகிறார்கள். துணியில் கறுப்பு வருவது நின்றதும், வேறு துணியில் நாலைந்து சொட்டு மினரல் ஸ்பிரிட் விட்டு ஒரு இழுப்பு. பிறகு உலர்ந்த துணி. ஈரம் மினுங்கினால் அதிகமாகிவிட்டது என்று பொருள்: தூசி ஒட்டும், ஏற்றத்தில் சக்கரம் வழுக்கும், எஞ்சினின் ரப்பர் டயர் உப்பிவிடும். வாசனை முழுக்கப் போன பிறகே மின்சாரம் கொடுங்கள். அசிட்டோன் வேண்டவே வேண்டாம். பல பிளாஸ்டிக்குகளை அது கரைத்துவிடும்.

கேள்வி: உப்புத்தாள் போட்டால் சீக்கிரம் முடியுமே?

பதில்: முடியும், ஒரு தடவைக்கு. அது இழுக்கும் கீறல்களில் அழுக்கு போய் உட்காரும், அடுத்த முறை துணிக்கு எட்டாது. துருவோ பெயின்ட்டோ பிடித்த பழைய ட்ராக்குக்கு மட்டும் 600, 1000, 2000 எண் உப்புத்தாள் என்று படிப்படியாக நைசாக்கி, கடைசியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாஷரால் அழுத்தித் தேய்த்து மெருகேற்றுங்கள். ஸ்டீல் வுல் கூடாது. உதிரும் இழைகளை மோட்டார் காந்தம் இழுத்துக்கொள்ளும்.

கேள்வி: எவ்வளவு துடைத்தாலும் ஒரே இடத்தில் எஞ்சின் நிற்கிறது.

பதில்: அப்படியானால் அழுக்கின் மேல் சந்தேகம் வேண்டாம். மல்டிமீட்டரை மட்டும் வைத்தால் அங்கும் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். சுமை (மின்சாரம் இழுக்கும் பொருள்) இல்லாதபோது தளர்ந்த இணைப்பும் நல்ல இணைப்பாகவே தெரியும். 12 வோல்ட் பல்பு ஒன்றைத் தண்டவாளங்களுக்கிடையே எரியவிட்டு அளந்து பாருங்கள். ஒரு ஜாயினரை (இரு தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் உலோகப் பட்டையை) தாண்டியதும் வோல்ட் இறங்கினால் குற்றவாளி அதுதான். அதை இடுக்கியால் இறுக்குவது தற்காலிகம். அந்தத் துண்டுக்குத் தனி வயர் சால்டர் செய்வதே நிரந்தரம். நிற்பது பாயின்ட் (ரயிலை வேறு பாதைக்குத் திருப்பும் இடம்) மேல் என்றால், நகரும் நாக்கு பக்கத் தண்டவாளத்தில் ஒட்டும் முகத்தைத் துடையுங்கள். பல பாயின்ட்டுகளில் மின்சாரம் போவது அந்த ஒட்டு வழியாகத்தான்.

சக்கரங்களை மறந்துவிடாதீர்கள். ஆல்கஹால் நனைத்த டிஷ்யூவை ட்ராக்கின் குறுக்கே போட்டு, எஞ்சினின் ஒரு பாதி சக்கரங்களை அதன் மேலும் மறுபாதியை வெறும் தண்டவாளத்திலும் நிறுத்தி, கையால் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுழலவிடுங்கள். டிஷ்யூவில் இரண்டு கறுப்புக் கோடுகள் விழும். பிறகு எஞ்சினைத் திருப்பி வையுங்கள்.