சி++ நிரல் எமுலேட்டரில் ஓடுகிறது, கைபேசியில் ஓடவில்லை

கேள்வி: படங்களைத் தெளிவாக்கும் சி++ நிரல் ஒன்றை எழுதியிருக்கிறேன். அதை ஆண்ட்ராய்டு செயலியில் சேர்ப்பதற்காக, சி++ நிரலை ஆண்ட்ராய்டுக்குத் தொகுத்துத் தரும் என்டிகே கருவித் தொகுப்பைத் தனியே தரவிறக்கி, அது இருக்கும் இடத்தைக் கணினியின் சூழல் மாறியில் குறித்தேன். எமுலேட்டரில் (கணினியிலேயே இயங்கும் மாதிரிக் கைபேசி) செயலி நன்றாக ஓடுகிறது. கைபேசியிலோ திறந்தவுடன் 'அன்சாட்டிஸ்ஃபைடு லிங்க் எரர்' என்ற பிழையுடன் நின்றுவிடுகிறது. நண்பரின் கணினியில் பில்டு (நிரலைத் தொகுத்துச் செயலியாக்குவது) கூட ஆகவில்லை. எங்கே தவறினேன்?

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால், குறை உங்கள் நிரலில் அன்றி அதற்கு அமைத்த சூழலில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டு கோளாறுகளுக்கும் காரணம் ஒன்றல்ல.

நண்பரின் சிக்கலை முதலில் பார்ப்போம். சூழல் மாறி உங்கள் கணினியோடு நின்றுவிடும். திட்டத்தோடு பயணம் செய்யாது. ஆகவே அதை நீக்கிவிட்டு, ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் எஸ்டிகே மேனேஜரில் 'எஸ்டிகே டூல்ஸ்' பகுதிக்குச் சென்று என்டிகே, சி++ பில்டுக்கு உதவும் சிமேக் இரண்டையும் அங்கிருந்தே நிறுவுங்கள். இவ்வாறு நிறுவினால் ஒவ்வொரு பதிப்பும் தனித்தனிக் கோப்புறையில் அமர்வதால், பழைய திட்டம் பழைய பதிப்பையும் புதிய திட்டம் புதிய பதிப்பையும் இடையூறின்றிப் பயன்படுத்தலாம். பிறகு கிரேடில் கோப்பில் (பில்டு எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் கோப்பு) என்டிகே பதிப்பின் முழு எண்ணையும் எழுதிவிடுங்கள். பலரும் தவிர்க்கும் வரி இது. நான் மிகவும் வற்புறுத்துவதும் இதைத்தான். எழுதாமல் விட்டால், ஆண்ட்ராய்டின் கிரேடில் பிளகின் தனக்குரிய இயல்புப் பதிப்பை எடுத்துக்கொள்ளும். பிளகினைப் புதுப்பிக்கும்போது அதுவும் மாறக்கூடும். எழுதியிருந்தால், உரிம ஒப்புதல் கொடுக்கப்பட்ட கணினியில் அந்தப் பதிப்பு இல்லாவிட்டாலும் கிரேடிலே அதைத் தரவிறக்கிக்கொள்ளும்.

கைபேசிச் சிக்கல் கருவியின் பிராசசர் வகையைப் பற்றியது. இன்டெல் அல்லது ஏஎம்டி கணினியில் எமுலேட்டர் வழக்கமாக எக்ஸ்86 வகையில் இயங்குகிறது. கைபேசிகளில் பெரும்பாலும் இருப்பது ஆர்ம். நீங்கள் வடிகட்டி எதையும் குறிப்பிடாவிட்டால் எல்லா வகைகளுக்கும் நூலகம் (உங்கள் சி++ நிரலின் தொகுத்த வடிவம்) உருவாகியிருக்கும் என்பதால், ஏபிஐ ஃபில்டர் (எந்தப் பிராசசர் வகைகளுக்கு நூலகம் வேண்டும் என்று கிரேடில் கோப்பில் குறிக்கும் வடிகட்டி) வரியில் எக்ஸ்86-64 மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏபிகே கோப்பை (கைபேசியில் நிறுவும் செயலிக் கோப்பு) ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவின் 'அனலைஸ் ஏபிகே' வழியாகத் திறந்து, 'லிப்' கோப்புறைக்குள் ஆர்ம்64-வி8ஏ இருக்கிறதா என்பதையும் உறுதி செய்யலாம். 64-பிட் வடிவம் 2019 ஆகஸ்ட் முதல் கூகுள் பிளேயில் கட்டாயம். பழைய கைபேசிகளுக்காக 32-பிட் ஆர்மையும் சேர்த்துக்கொள்ளலாம். இதே பிழை, 'எக்ஸ்டெர்ன் சி' எழுத மறந்து செயற்கூற்றின் பெயர் சி++ வழக்கப்படி மாறிவிட்டாலும் வரும். ஆனால் அப்போது எமுலேட்டரிலும் ஓடியிருக்காது.

என்டிகேவின் எந்தப் பதிப்பைத் தேர்வது என்றால், 28 அல்லது அதற்குப் பிந்தையது நல்லது. ஆண்ட்ராய்டு 15 முதல் 16 கேபி நினைவகப் பக்கம் கொண்ட கருவிகளுக்கு ஆதரவு உண்டு. அவற்றுக்கு ஏற்ற சீரமைப்பு 28-ஆம் பதிப்பிலிருந்து இயல்பாகவே அமைகிறது. ஆனால் பிறர் தொகுத்துத் தந்த நூலகத்தை இணைத்திருந்தால், உங்கள் என்டிகேவை உயர்த்துவது அதைத் திருத்தாது. அந்த நூலகத்தையும் புதிதாகத் தொகுத்த வடிவத்தில் பெற வேண்டும்.