ரசீது எண்ணின் கடைசி இலக்கங்கள் மாறுவது ஏன்?

கேள்வி: எங்கள் பில்லிங் மென்பொருளின் சர்வர் ஜாவாவின் ஸ்பிரிங் பூட்டிலும் கிளையன்ட் ஜாவாஸ்கிரிப்ட்டின் ரியாக்ட்டிலும் எழுதப்பட்டவை. தரவுத்தளத்தில் 123456789012345678 என்று சரியாகவே இருக்கும் ரசீது எண், திரையில் 123456789012345680 என்று வருகிறது. என்டிட்டிகளையே (தரவுத்தள அட்டவணைக்கு நிகரான ஜாவா கிளாஸ்களை) ஜேசன் என்ற உரை வடிவத்துக்கு மாற்றி அனுப்புகிறோம். தனியாக டிடிஓ (தரவைக் கொண்டுசெல்வதற்கென்றே எழுதும் கிளாஸ்) எழுதுவது அவசியமா?

பதில்: அவசியம்தான். முதலில் ரசீது எண்ணைப் பார்ப்போம்.

பிரவுசரின் டெவலப்பர் டூல்ஸில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, அந்த அழைப்பின் ரெஸ்பான்ஸ் தாவலைப் பாருங்கள். எண் 678 என்றே முடியும். பக்கத்திலுள்ள பிரிவ்யூ தாவலில் அதே எண் 680 என்று முடியும். அதாவது சர்வர் சரியாகவே அனுப்பியிருக்கிறது. பிரவுசர் அதை எண்ணாகப் படிக்கும்போதுதான் பிசகுகிறது. ஜாவாவின் லாங் என்ற எண் வகை 64 பிட் முழு எண். ஜாவாஸ்கிரிப்ட்டின் வழக்கமான எண்ணும் 64 பிட்தான் என்றாலும், அது தசமப் பின்னங்களையும் தாங்கும் மிதவைப் புள்ளி எண் என்பதால், முழு எண்களை 9007199254740991 வரை மட்டுமே பிசகின்றிக் காக்கும். அதற்கு மேற்பட்டவை தன்னால் குறிக்க முடிந்த அருகிலுள்ள எண்ணுக்கு நகர்ந்துவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது என்பதுதான் இதில் அபாயம். 2010இல் ட்விட்டர் தன் பதிவு எண்களை 64 பிட்டுக்கு மாற்றியபோது இதே சிக்கலை எதிர்கொண்டு, ஒவ்வொரு எண்ணுடனும் அதன் உரை வடிவத்தையும் சேர்த்து அனுப்பத் தொடங்கியது. நீங்களும் ரசீது எண்ணை உரையாகவே அனுப்புங்கள். கூட்டவோ கழிக்கவோ போகாத எண்ணை உரையாக வைப்பதால் இழப்பு ஏதும் இல்லை. கிளையன்ட்டில் வரிசைப்படுத்தும்போது மட்டும், உரை ஒப்பீட்டில் 9க்கு முன்னால் 10 வந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

இந்த ஒரு குறையை என்டிட்டியில் ஓர் அனோட்டேஷன் (புலத்தின் மேல் எழுதும் குறிப்பு) சேர்த்தே தீர்த்துவிடலாம். ஆனால் என்டிட்டி என்பது அட்டவணையின் வடிவம்; கிளையன்ட்டுக்கு வேண்டியது திரையின் வடிவம். நாளை யாராவது வாடிக்கையாளர் அட்டவணையிலும் அதன் என்டிட்டியிலும் உள்ளகக் குறிப்பு என்று ஒரு பத்தி சேர்த்தால், அது அன்றே ஜேசனில் ஏறி வெளியே போய்விடும். ஸ்பிரிங் பூட்டில் ஓப்பன்-இன்-வியூ (பதில் அனுப்பி முடியும்வரை தரவுத்தள அமர்வைத் திறந்தே வைக்கும் அமைப்பு) இயல்பாகவே இயங்குவதால், லேசியாக (தேவைப்படும்போது மட்டும் எடுக்கும்படி) வைத்த பிற அட்டவணைத் தொடர்புகள்கூட ஜேசன் எழுதப்படும் நேரத்தில் ஒவ்வொன்றாகத் தரவுத்தளத்தைத் தட்டும். பட்டியல் நீளமானால் வேகம் குறைவதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

உள்ளே வரும் தரவில் அபாயம் இன்னும் அதிகம். கிளையன்ட் அனுப்புவதை நேராக என்டிட்டியில் நிரப்பினால், படிவத்தில் இல்லாத புலத்தையும் ஒருவர் சேர்த்து அனுப்பி மாற்றிவிடலாம். 2012 மார்ச்சில் நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் ஒரு பயனர் இத்தகைய ஓட்டையின் வழியே, தனக்கு உரிமையில்லாத ரெயில்ஸ் என்ற மென்பொருள் திட்டத்தில், நிரலை மாற்ற அனுமதி தரும் பொதுச் சாவியாகத் தன்னுடையதைச் சேர்த்துக் காட்டினார். பயனர் மாற்றக்கூடிய புலங்கள் மட்டுமே உள்ள டிடிஓவை வாங்கினால் இந்த வழி அடைபடும். ஆகவே உள்வரும் அழைப்புகளிலிருந்தே மாற்றத்தைத் தொடங்குங்கள். வெளிச்செல்பவற்றைப் பிறகு ஒவ்வொன்றாக மாற்றலாம். ஜாவா 16 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு என்றால் டிடிஓவுக்கு ரெக்கார்டு (தரவை மட்டும் தாங்கும் சுருக்கமான கிளாஸ்) போதும், சில வரிகளில் முடிந்துவிடும். என்டிட்டியிலிருந்து டிடிஓவுக்கு மாற்றும் நிரலைக் கையால் எழுதுவதையே நான் விரும்புவேன். எந்தப் புலம் வெளியே போகிறது என்பது படிப்பவர் கண்ணில் படும்.

டிடிஓ எழுதும்போதே தேதியையும் சரிசெய்துவிடுங்கள். இந்திய நேரப்படி 2025 ஏப்ரல் 1 நள்ளிரவைக் குறிக்கும் தேதிப் பொருளை ஜாவாஸ்கிரிப்ட் ஜேசனாக்கும்போது, அது யூடிசி (உலகப் பொது) நேரத்தில் மார்ச் 31, 18:30 என்று போகும். சர்வர் அதிலிருந்து தேதியை மட்டும் பிரித்தெடுத்தால் ரசீது முந்தைய நிதியாண்டில் பதிவாகிவிடும். நேரம் தேவைப்படாத இடத்தில் 2025-04-01 என்ற உரையை மட்டும் அனுப்பி, சர்வரில் லோக்கல்டேட்டாக (நேரமில்லாத தேதி வகையாக) வாங்குங்கள்.