வயிற்றுக்குப் போட்ட குளிசை, கூடிப்போன புரோலக்ரின்

கேள்வி: வயது 29, திருகோணமலை உவர்மலையில் இருக்கிறேன். ஓங்காளத்துக்கும் வயிற்றுப் பொருமலுக்கும் பாமசியில் வாங்கிய டொம்பெரிடோன் 10 மில்லிகிராம் குளிசையை மூன்று வேளையும் இரண்டு மாதமாகப் பாவிக்கிறேன். மாதவிடாய் நின்றுவிட்டது, மார்பை அழுத்தினால் பால் கசிகிறது. புரோலக்ரின் 68 நனோகிராம். தலையில் கட்டியா? ஸ்கான் எடுக்கவா?

பதில்: முதலில் கர்ப்பப் பரிசோதனை. பால் சுரக்கச் செய்யும் ஓமோனான புரோலக்ரின் கர்ப்பத்தில் இயல்பாகவே ஏறும். அது இல்லையென்றால் சந்தேகம் குளிசை மேல்தான்.

மூளைக்கு அடியிலுள்ள கபச்சுரப்பியில் புரோலக்ரின் சுரக்கும் கலங்களுக்குத் தூண்டுதலே தேவையில்லை. விட்டால் தாமாகவே சுரந்துகொண்டிருக்கும். அதற்கு மேலே மூளையிலுள்ள ஐப்போதலமசு என்ற பகுதியிலிருந்து நுண்ணிய குருதிநாளங்கள் வழியே இறங்கிவரும் டோபமின் என்ற இரசாயனம்தான் அவற்றை அடக்கி வைக்கிறது. டோபமின் கலத்துக்குள் நுழைவதில்லை. மென்சவ்வின் வெளிப்புறத்தில் டி2 வாங்கி என்ற, அதை ஏற்கும் புரதத்துடன் பிணைகிறது. அதோடு உட்புறத்தில் ஜி புரதம் இயங்கி, கலத்துக்குள் செய்தி கடத்தும் சைக்கிளிக் ஏஎம்பி குறைகிறது. பொற்றாசியக் கால்வாய்கள் திறக்க, கல்சியம் உள்ளே வருவதும் குறைகிறது. கல்சியம் குறைந்தால் புரோலக்ரின் அடைத்த சிறுபைகள் மென்சவ்வோடு சேர்ந்து திறக்க மாட்டா.

டொம்பெரிடோன் அதே வாங்கியை மறித்துக்கொள்கிறது. இந்த மருந்து மூளைக்குள் அவ்வளவாகப் போகாது என்பது உண்மை. ஆனால் கபச்சுரப்பி இரத்தத்திலுள்ள பல பொருள்களை மூளைக்குள் விடாத குருதி–மூளைத் தடுப்புக்கு வெளியே இருக்கிறது. தடை நீங்கியதும் புரோலக்ரின் ஏறுகிறது. அது சூலகத்தை இயக்கும் ஓமோன்களை அமுக்க, மாதவிடாய் நிற்கிறது.

கர்ப்பமில்லாத பெண்ணுக்கு ஒரு மில்லிலீற்றரில் ஏறக்குறைய 25 நனோகிராம் வரை சரி. மருந்தால் ஏறுவது பெரும்பாலும் 25–100க்குள் நிற்கும். உங்களுடைய 68 அதற்குள்தான் வருகிறது. அடுத்த றிப்போட்டில் ஆயிரத்தைத் தாண்டிய எண்ணைக் கண்டால் பதற வேண்டாம், அலகைப் பாருங்கள்: சில ஆய்வுகூடங்கள் லீற்றருக்கு இத்தனை மில்லி யூனிட் என்று தரும், மில்லிலீற்றருக்கு ஒரு நனோகிராம் என்பது லீற்றருக்குச் சுமார் 21 மில்லி யூனிட்.

வைத்தியரிடம் சொல்லிவிட்டுக் குளிசையை நிறுத்தி, மூன்று நாள் கழித்து மீண்டும் இரத்தம் கொடுங்கள். எழும்பி இரண்டு மணித்தியாலமாவது ஆகியிருக்க வேண்டும். ஓடிப்போய் உடனே ஊசிக்குக் கை நீட்டாமல் சற்று இருந்து கொடுங்கள். பால் வருகிறதா என்று மார்பை அழுத்திப் பார்ப்பதை இன்றோடு விடுங்கள், அந்தத் தூண்டலே புரோலக்ரினை ஏற்றும். அதே இரத்தத்தில் தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனான டிஎஸ்எச்சும் பார்க்கச் சொல்லுங்கள்: தைரொயிட் குறைந்தால் ஐப்போதலமசு கூடுதலாக விடும் டிஆர்எச் என்ற ஓமோன் புரோலக்ரின் சுரக்கும் கலங்களையும் உசுப்பும்.

அளவு இறங்கினால் ஸ்கான் வேண்டாம். இறங்காவிட்டால் எம்ஆர்ஐ பற்றி வைத்தியர் தீர்மானிப்பார். விடாத தலையிடியோ, பக்கப் பார்வை மங்கலோ இருந்தால் மூன்று நாள் காத்திராமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ரிஸ்பெரிடோன் போன்ற மனநல மருந்துகளும் இதே வாங்கியை மறிப்பவை. அவற்றைப் பாவிப்பவர்கள் இதை வாசித்துவிட்டுத் தாமாக நிறுத்தக் கூடாது.