கிணற்று மண்ணில் கிடைத்த கற்கோடரிகளைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவரலாமா?

திருவள்ளூர் அருகே தம் பூர்வீக நிலத்தில் சித்தப்பா கிணறு வெட்டியபோது, உள்ளங்கை அளவில் முனை கூரான ஐந்து ‘சக்கிமுக்கிக் கற்கள்’ கிடைத்ததாக ஈசூன் வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். ‘சான்றிதழ்’ வாங்கித் தருவதாகச் சொல்லி ஒருவர் முன்பணம் கேட்கிறாராம். டிசம்பர் விடுமுறைக்குப் போய்த் திரும்பும்போது கற்களைப் பெட்டியில் எடுத்துவரலாமா என்பது அவர் கேள்வி.

எடுத்துவர வேண்டாம். நூறாண்டைக் கடந்த தொல்பொருளை இந்தியாவிலிருந்து வெளியே அனுப்பும் உரிமை, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய அரசுக்கும் அது அதிகாரமளித்த அமைப்புக்கும் மட்டுமே உண்டு; மீறினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை.

அந்தத் தரகர் பேச்சை நம்பாதீர்கள். தொல்லியல் துறை பயணிகளுக்குத் தருவது ‘இது தொல்பொருள் அல்ல’ என்னும் சான்றிதழ். உங்கள் கற்கள் உண்மையான கற்கோடரிகள் என்றால் அவர் வாங்கித் தரும் தாள் பொய்யானது; தாள் மெய் என்றால் சாதாரண ஜல்லிக்குப் பணம் கொடுத்திருக்கிறீர்கள். இப்படி ஏமாந்தவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

ஜல்லியாகவே இருக்கவும் வாய்ப்புண்டு. சக்கிமுக்கிக் கல் ஐரோப்பாவில் சுண்ணப்பாறையில் விளைவது. திருவள்ளூர்ப் பக்கத்துக் கற்கோடரிகள் பெரும்பாலும் குவார்ட்சைட் என்னும் கடினமான பாறைக்கல்லால் ஆனவை. மனிதர் தட்டிய கல்லில், அடி விழுந்த ஓரத்திலிருந்து சில்லுகள் பெயர்ந்த தழும்புகள் இரு முகத்திலும் வரிசையாகத் தெரியும். அத்தழும்புகளும் கல்லின் மற்றப் பகுதியைப் போலவே நிறம் மங்கியிருக்கும். கடப்பாரையோ கம்ப்ரசரில் ஓடும் துளைக்கருவியோ உடைத்த கல்லில் உடைந்த முகம் மட்டும் புதிதாகப் பளிச்சென்றிருக்கும். இந்த வேறுபாட்டைப் பார்க்காமலேயே பாதிப்பேர் பதறுகிறார்கள்.

அதே மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டு பழையவை என்று 2011இல் சொல்ல முடிந்ததற்கு, அவை எந்த மண்ணடுக்கில் கிடந்தன என்பது பதிவாகியிருந்ததே காரணம். பெட்டியில் ஏறிய கல்லுக்கு அந்த முகவரி கிடையாது.

பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பத்து ரூபாயை இன்றுவரை எவரும் திருத்தவில்லை. மனுவைக் கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்குவதற்குள் பொறுமை போய்விடும். ஆனாலும் வாங்காமல் திரும்பாதீர்கள். பூண்டியில் மாநிலத் தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கிறது. கற்களை அங்கே காட்டலாம். கழுவவோ எண்ணெய் தடவவோ வேண்டாம். கிணற்றில் உறை இறக்குவதற்கு முன், கற்கள் வந்த ஆழத்தை அளந்து, அளவுகோலுடன் படமெடுத்து வைக்கும்படி சித்தப்பாவிடம் இன்றே சொல்லுங்கள்.