நியூயோர்க் சுரங்க ரயிலில் ஒரு ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து வேறு ஸ்டேஷனில் ஏறினால் மறுபடியும் காசு கட்டணுமா?

பொதுவாக, ஆமாம். வாசலைத் தாண்டினால் அந்தப் பயணம் முடிந்தது. ஆனால் மன்ஹாட்டனில் லெக்சிங்டன் அவென்யூ 59ஆம் தெரு, 63ஆம் தெரு ஸ்டேஷன்கள் விதிவிலக்கு. இரண்டுக்கும் நிலத்தடி இணைப்பு இல்லாததால், தெருவில் நடந்துபோய் மற்றதில் இலவசமாக ஏறலாம். 2 மணித்தியாலத்துக்குள் ஏற வேண்டும், கட்டணத்துக்காக முதலில் வாசலில் தட்டிய அதே கார்டையே தட்டவும் வேண்டும். கார்டு ஒருமுறை, அதே கார்டு ஏற்றிய போன் மறுமுறை என்றால் கணக்கு இரண்டாகிவிடும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

அப்புறம், அங்கே உள்ளூர் பஸ்ஸுக்கு மாறுவதும் அதே நேரத்துக்குள் இலவசம். நானுஓயாவில் ரயிலைவிட்டு இறங்கி, நுவரெலியா பஸ்ஸுக்குத் தனி டிக்கட் எடுத்தே பழகிய நமக்கு இது கொஞ்சம் பொறாமையான விஷயம்தான். தூரத்துக்கேற்ப கட்டணம் கூடுவதும் அங்கே சுரங்க ரயிலில் கிடையாது.