கிராமத்துச் சாலையில் வண்டி எண்ணினால் வேலை கிடைக்குமா?

"என் மகள் சென்னையில் நாலு வருஷம் சிவில் படித்துவிட்டு, ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு மதுராந்தகம் பக்கம் ஒரு கிராமத்தில் வண்டி எண்ணப் போகிறேன் என்கிறாள். இதை வைத்து என்ன செய்வாள்?" என்று கேட்டிருக்கிறீர்கள் அம்மா. கவலை நியாயம்தான். ஆனாலும் தடுக்காதீர்கள்.

சாலையை அகலப்படுத்துவதா, புறவழிச்சாலை போடுவதா, தார் எவ்வளவு கனத்தில் போடுவது என்று எதை முடிவு செய்யவும், அங்கே என்னென்ன வண்டி எத்தனை ஓடுகிறது என்ற கணக்கு முதலில் வேண்டும். காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்கிய பிள்ளைகள் இன்டர்வியூவில் இரண்டாவது கேள்விக்கே திணறுகிறார்கள். ரோட்டோரம் தானே நின்று எடுத்த கணக்கென்றால் எங்கே கேட்டாலும் பதில் வரும்.

ஆனால் முறையாகச் செய்ய வேண்டும். சாலைகளுக்கான தர நெறிகளை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் (ஐ.ஆர்.சி.) ஐ.ஆர்.சி. 9-1972 கையேட்டை முதலில் படிக்கச் சொல்லுங்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை, அறுவடை சமயத்தில் ஒன்று, வேலை குறைந்த சமயத்தில் ஒன்று, ஒவ்வொரு தடவையும் தொடர்ந்து 7 நாள், 24 மணி நேரமும் எண்ணச் சொல்கிறது அது. நாலு கோடு போட்டு ஐந்தாவது வண்டிக்குக் குறுக்கே ஒரு கோடு இழுப்பதுதான் முறை. ஊரில் திருவிழா வந்தால் கணக்கைத் தள்ளிவைத்துவிட வேண்டும்.

அப்புறம் ஐ.ஆர்.சி. 64-1990. பல வகை வண்டிகளையும் இத்தனை காருக்குச் சமம் என்று ஒரே அளவில் கணக்கிட உதவுவது இது. கிராமப்புறச் சாலையில் ஒரு கார் 1 என்றால் டூவீலர் 0.5, பஸ்ஸும் லாரியும் 3, டிரெய்லர் கட்டிய டிராக்டர் 4.5, பெரிய மாட்டு வண்டி 8 என்று அதில் இருக்கிறது. கரும்பு ஏற்றிய டிராக்டருக்குப் பின்னால் டவுன் பஸ் ஊர்ந்து வருவதைப் பார்த்தவளுக்கு இந்த எண்கள் மனப்பாடம் செய்யாமலே புரியும். அண்ணா சாலையில் நின்றால் இந்தக் கலவை கிடைக்காது.

வேலைக்கு வருகிறேன். கேம்பஸில் ஐ.டி. வேலைதான் குறி என்றால் இந்த ப்ராஜெக்ட் பெரிதாக உதவாது. மகளிடம் அதை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். சாலைத் துறையில் ஆர்வம் இருந்தால் பொறியியல் மேற்படிப்புக்கான கேட் நுழைவுத் தேர்வின் சிவில் தாளில் போக்குவரத்துப் பொறியியல் ஒரு பகுதி. அதை எழுதி ஐ.ஐ.டி. மெட்ராஸ், கிண்டி பொறியியல் கல்லூரி போன்ற இடங்களில் மேற்படிப்புக்கு முயலலாம். நெடுஞ்சாலைத் துறை உதவிப் பொறியாளர் பணிக்கு டி.என்.பி.எஸ்.சி. உண்டு. சாலைத் திட்ட அறிக்கை தயாரிக்கும் கன்சல்டன்சிகளும் ஆள் எடுக்கின்றன. அங்கே ஆரம்பச் சம்பளம் குறைவாக இருக்கலாம், வெளியூர் அலைச்சலும் இருக்கும். இரண்டு மூன்று வருஷம் பொறுக்க வீட்டில் வசதி இருக்கிறதா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ராத்திரிக் கணக்குக்கு அவள் தனியாக நிற்கக் கூடாது. நாலைந்து நண்பர்கள் முறை வைத்துக்கொள்ளட்டும், ஒளிரும் மேல்சட்டை போடட்டும். கல்லூரியிலிருந்து கடிதம் வாங்கி ஊராட்சி அலுவலகத்திலும் போலீஸ் ஸ்டேஷனிலும் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள். ஆள் போதவில்லை என்றால் பகல் கணக்கு மட்டும் எடுத்து, ரிப்போர்ட்டில் அப்படியே எழுதட்டும்.