வெயில் கொளுத்தும் ஊரில் வைட்டமின் டி குறைவது எப்படி?

கேள்வி: மதுரையில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன், வயது 44. காலை எட்டு மணிக்கு ஸ்கூட்டரில் கிளம்பினால் மாலை ஐந்தரைக்குத்தான் வீடு திரும்புவேன். உடல் பரிசோதனை பேக்கேஜில் வைட்டமின் டி 14 என்று வந்துள்ளது. ஆறு லட்சம் யூனிட் ஊசி போடாவிட்டால் எலும்பு உளுத்துப்போகும் என்று ரத்தம் எடுக்க வந்தவர் சொன்னார். இத்தனை வெயிலில் எனக்கு எப்படிக் குறையும்? ஊசி போட்டுத்தான் ஆக வேண்டுமா?

பதில்: ஊசி வேண்டாம் அம்மா. 14 என்பது குறைவுதான்; அதைச் சரிசெய்ய வேண்டும். ஆனால் அதற்கு எந்த அவசரமும் இல்லை.

நீங்கள் வெயிலில் போவது உண்மை. ஆனால் வைட்டமின் டி உருவாகும் வெயிலில் போகவில்லை. அதற்குத் தேவையான புற ஊதா பி கதிர் சூரியன் உயர்ந்து நிற்கும்போதுதான் போதிய அளவில் தரையை எட்டும். திருப்பதியில் நடந்த ஆய்வும் காலை 11 மணி முதல் பிற்பகல் 2 மணி வரைதான் தோலில் இது நன்றாக உருவாகிறது என்று காட்டியது. உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக விழும் நேரம் என்று நினைவில் வைத்துக்கொண்டால் போதும். அந்த நேரத்தில் நீங்கள் வகுப்பறைக்குள் இருக்கிறீர்கள். ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் அந்தக் கதிர் ஏறக்குறைய இருப்பதே இல்லை. முழுக்கைச் சட்டை, முகத்தைச் சுற்றிய துப்பட்டா, கையுறை என்று போகிறவர்களுக்குத் தோலே வெயிலைப் பார்ப்பதில்லை. நம் தோலின் கருமை புற்றுநோயிலிருந்து காப்பது போலவே இந்தக் கதிரையும் தடுப்பதால், வெள்ளைத் தோலினரைவிட நாம் கூடுதல் நேரம் நிற்க வேண்டியிருக்கிறது. உடல் பருமன் இருந்தால் உருவான வைட்டமினில் ஒரு பகுதி கொழுப்பில் தங்கிவிடுவதால் ரத்தத்தில் அளவு குறைவாகவே தெரியும். உணவில் மீனும் முட்டை மஞ்சள் கருவும் ஓரளவு உதவும். அவை மட்டும் போதாது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். வலிப்புக்காக ஃபெனிடோயின், கார்பமசெபின் போன்ற மாத்திரைகளை ஆண்டுக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்குக் கல்லீரல் இந்த வைட்டமினை வேகமாகச் சிதைத்துவிடும்; காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் அப்படித்தான். அவர்கள் எவ்வளவு வெயிலில் நின்றாலும் அளவு குறையலாம், வழக்கமான மாத்திரை அளவும் போதாமல் போகலாம். அதற்காக வலிப்பு மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது. எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் இந்த ரிப்போர்ட்டைக் காட்ட வேண்டும். உங்கள் கடிதத்தில் நீங்கள் சாப்பிடும் மருந்துகளைப் பற்றி எதுவும் இல்லாததால்தான் இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

இனி அந்த ஊசி. ரத்தம் எடுக்க வருபவருக்கு மருந்து சொல்லும் உரிமையே கிடையாது. 70 வயதைக் கடந்த பெண்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை 5 லட்சம் யூனிட்டை ஒரே தவணையில் வாய்வழி கொடுத்துப் பார்த்த ஆஸ்திரேலிய ஆய்வு 2010இல் வெளிவந்தது. அந்தப் பெண்கள் குறைவாக அல்ல, அதிகமாகவே விழுந்து எலும்பை முறித்துக்கொண்டார்கள். அப்படியிருந்தும் ஒரே ஊசியில் முடித்துவிடலாம் என்ற ஆசை நம்மிடம் ஓயவில்லை. 30க்குக் கீழே வந்தாலே சிவப்பு மையில் ‘போதாமை’ என்று அச்சிடும் பரிசோதனைக் கூடங்களும் அதற்குத் துணைபோகின்றன. 2011இல் அந்த 30 என்ற எல்லையைச் சொன்ன அமெரிக்க நாளமில்லாச் சுரப்பியியல் சங்கமே 2024இல் அதைக் கைவிட்டு, ஆரோக்கியமானவர்களுக்கு வழக்கமாக இந்தப் பரிசோதனை வேண்டாம் என்றும் பரிந்துரைத்துவிட்டது. பேக்கேஜ் விற்பவர்கள் இதைப் படித்ததாகத் தெரியவில்லை. நடுவில் அவதிப்படுவது உங்களைப் போன்றவர்கள்.

உங்கள் மருத்துவரிடம் கேட்டு, 60,000 யூனிட் மாத்திரையை வாரம் ஒன்று வீதம் எட்டு வாரம் எடுத்துக்கொள்வதே இங்கு வழக்கத்தில் உள்ள முறை. வாரம் ஒன்று என்பதைத் தினம் ஒன்று எனத் தவறாகப் புரிந்துகொண்டு சாப்பிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமுமாக மருத்துவமனைக்கு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே காலண்டரில் கிழமையைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். எண்ணெயோ நெய்யோ சேர்ந்த சாப்பாட்டுக்குப் பிறகு விழுங்கினால் நன்றாக உட்கிரகிக்கப்படும். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை செய்வதானால் அதே பரிசோதனைக் கூடத்தில் செய்யுங்கள். கூடத்துக்குக் கூடம் முறை மாறுவதால் ஒரே ரத்தத்துக்கு இரண்டு விடை வரக்கூடும்.